சங்கிலிக்குக் கிடைத்த நிழல்

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றுதான் வீட்டில் கேட்டார்கள். கேட்டதில் தப்பே இல்லை. அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருக்கும் மே மாதத்தில், 'கோட்டையில் ஆரம்பித்து பரங்கிமலை வரைக்கும் மவுன்ட் ரோடு முழுக்க நடந்தே போகப் போகிறேன்' என்று ஒருவன் காலையில் செருப்பை மாட்டினால், வேறு என்ன கேட்பார்கள்?

கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். 2019 முதல் தரைக்குக் கீழே மெட்ரோ ரயிலும் ஓடுகிறது. ஏ.சி-யில் உட்கார்ந்து கண்ணை மூடித் திறந்தால் சைதாப்பேட்டை. பிறகு எதற்கு நடை?

காரணம் இருக்கிறது. நானூறு வருஷங்களுக்கும் மேலாக இந்தப் பாதையில் மனிதர்கள் நடந்திருக்கிறார்கள். தோமையார் மலைக்குப் போன யாத்ரீகர்கள், மூட்டை சுமந்த கூலிகள், பல்லக்குத் தூக்கிகள், சிப்பாய்கள், மோர்க்காரிகள்... வரலாற்றுப் புத்தகங்கள் குதிரையில் போனவனைத்தான் பேசுகின்றன. கூடவே வெறுங்காலில் ஓடியவன் இந்த வெயிலை எப்படித் தாங்கினான்? அதைப் புத்தகத்தில் தேட முடியாது, காலால்தான் தேட வேண்டும். அதுதான் என் எண்ணம்.

காலை எட்டு மணிக்குப் புனித ஜார்ஜ் கோட்டை வாசலில் நின்றேன். அப்போதே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது!

1639-ல் இந்த மணல் திட்டுக்கு அனுமதி வாங்கி, 1640-ல் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தார்கள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள். குளிர் தேசத்திலிருந்து வந்த அந்த வெள்ளைக்காரர்களுக்கு நம்ம ஊர் வெயில் எவ்வளவு பெரிய எதிரியாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால், வெயிலைச் சமாளிப்பதிலும் அவர்கள் அந்தஸ்து பார்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் நடந்து போனால், பின்னால் ஓர் ஆள் நீண்ட கம்பில் பெரிய வட்டக் குடையைப் பிடித்துக்கொண்டு வருவான். 'ரவுண்டல்' என்று அதற்குப் பெயர். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோட்டை நிர்வாகம் இதற்கு ஒரு விதியே போட்டது. குறிப்பிட்ட பதவிக்குக் கீழே இருப்பவர்களுக்குக் குடைபிடிக்க ஆள் கூடாது! இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்து இறங்கிய இளம் குமாஸ்தா என்றால், வெயிலில் வெந்துகொண்டேதான் போக வேண்டும். நிழல் என்பது சம்பளத்தைப் போல, பதவியைப் போல படிப்படியாகக் கிடைக்கிற சமாசாரம்!

வெள்ளைக்காரனை மட்டும் சொல்வானேன்? நம் ராஜாக்களின் வெண்கொற்றக் குடை மட்டும் என்னவாம்? ராஜாவுக்குக் குடை, குடை பிடிப்பவனுக்கு வெயில். ஊர் மாறினாலும் இந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை.

இந்த நினைப்போடு தீவுத்திடல் பக்கம் வந்தால், அங்கே நட்டநடுவில் குதிரையின் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார் சர் தாமஸ் மன்றோ. தலைக்கு மேல் நிழல் கிடையாது. காக்காய், புறாக்கள்தான் துணை. 1839-ல் இந்தச் சிலையை நிறுத்தினார்கள். செய்தவர் லண்டனின் புகழ்பெற்ற சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. 'சிற்பி மறந்துவிட்டார், அந்த அவமானம் தாங்காமல் தற்கொலை செய்துகொண்டார்' என்று நம் ஊரில் ஒரு கதை உலாவுகிறது. சுத்தப் புருடா! லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அதே சிற்பி செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைக்கும் சேணம் கிடையாது. அது அவருடைய பாணி, அவ்வளவுதான்.

மன்றோவிடம் நான் யோசித்தது வேறு விஷயம். இந்த மனுஷன் கவர்னராக இருந்தபோது, மாளிகையில் உட்கார்ந்து ஆளாமல் ஊர் ஊராகச் சுற்றியவர். குடியானவர்களிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்வாரி முறையோடு சேர்த்துப் பேசப்படுகிற பெயர். பதவிக்காலம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன், தனக்குப் பழக்கமான கடப்பை, கர்னூல் பக்கத்துச் சீமையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனார். 1827 ஜூலையில், பத்திகொண்டா என்ற இடத்தில் காலரா வந்து இறந்துபோனார். கவர்னருக்கே அந்தக் கதி என்றால், அவர் பரிவாரத்துக்குக் கூடாரமும் சாமான்களும் சுமந்து நடந்தவர்கள் நிலைமை? அவர்களுக்குச் சிலை கிடையாது.

கூவத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால், இடது கைப் பக்கம் ராஜாஜி ஹால். அகலமான படிக்கட்டுகளும் உயர்ந்த தூண்களுமாகக் கிரேக்கக் கோயில் போல நிற்கும் இந்தக் கட்டடம் முடிந்தது 1802-ல். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை வீழ்த்தியதைக் கொண்டாடுவதற்காகக் கட்டிய விருந்து மண்டபம். கட்டியவர் ஜான் கோல்டிங்ஹாம். அவர் முழுநேரக் கட்டடக் கலைஞரே இல்லை, நுங்கம்பாக்கத்தில் 1792-ல் அமைக்கப்பட்ட வானாய்வுக்கூடத்தின் வானியல் அறிஞர்! ராத்திரியில் நட்சத்திரம் பார்த்தவர், பகலில் தூண் எழுப்பியிருக்கிறார்.

அந்த ஆய்வுக்கூடத்தில் 1796-லிருந்தே வெப்பநிலையைக் குறித்துவைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, இந்தியாவிலேயே வெயிலை வெகுகாலமாகக் கணக்கெழுதி வைத்திருக்கும் ஊர்களில் சென்னைக்கு முக்கியமான இடம் உண்டு. அந்த நீண்ட கணக்கில் 2003 மே 31-ஆம் தேதிக்கு ஒரு தனி மரியாதை. அன்றைக்கு நுங்கம்பாக்கத்தில் பதிவான வெப்பம் 45 டிகிரி செல்சியஸ்!

கடலோர ஊருக்கு எப்படி இவ்வளவு சூடு? பதில் சுலபம். வழக்கமாக மத்தியானத்துக்குள் கடல் காற்று உள்ளே வந்து நம்மைக் காப்பாற்றிவிடும். மேற்கிலிருந்து வருகிற வறண்ட தரைக்காற்று பலமாக இருக்கும் நாட்களில், அது கடல் காற்றை உள்ளே விடாமல் தள்ளி நிறுத்திவிடும். கடல் காற்று ஒரு மணி நேரம் தாமதமானால்கூட போதும், ஊர் அடுப்பாகிவிடும். சென்னைக்காரர்களின் வாழ்க்கை இந்த ஒரு மணி நேரத்தில்தான் ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு எனக்கும் அதே கதைதான். ஒன்பதரை மணி ஆகியும் இலை அசையவில்லை.

ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையைப் பார்த்ததும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. 1844-ல் தொடங்கிய கடை. இப்போதுள்ள கட்டடம் 1904-ல் வந்தது. உயர்ந்த கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். இந்த மாதிரிப் பழைய கட்டடங்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சுவர் தடிமனாக இருக்கும். சூடான காற்று மேலே போக இடம் இருக்கும். பல கட்டடங்களில் முன்னால் தாழ்வாரம் இருக்கும். மழைக்கும் வெயிலுக்கும் வழிப்போக்கன் ஒதுங்கி நிற்கலாம். புதிய கட்டடங்களோ முழுக்கக் கண்ணாடி. வெயிலை நம் முகத்துக்கே திருப்பி அனுப்புகின்றன. உள்ளே குளிரூட்டிவிட்டு, அந்தச் சூட்டை எல்லாம் நடைபாதைக்காரன் தலையில் கொட்டுகின்றன!

எல்.ஐ.சி. கட்டடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சோடாக் கடையில் நின்றேன். பதினான்கு மாடிகளோடு 1959-ல் திறக்கப்பட்டபோது, இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். அண்ணாந்து பார்ப்பதற்காகவே வெளியூர்க்காரர்கள் வருவார்கள்.

"ஐஸ் போடட்டுமா சார்?" என்றார் கடைக்காரர்.

"நிறையவே போடுங்க" என்றேன்.

ஐஸ் என்றதும் நம் ஐஸ் ஹவுஸ் ஞாபகம் வந்தது. இங்கிருந்து கிழக்கே, கடற்கரைச் சாலையில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம். 1842-ல் ஐஸ் சேமித்து வைக்கக் கட்டினார்கள். எங்கிருந்து வந்த ஐஸ் தெரியுமா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளிலிருந்து! ஃபிரெடரிக் டியூடர் என்கிற பாஸ்டன் வியாபாரி, ஏரியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலில் ஏற்றி, பாதி உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். முதல் சரக்கு 1833-ல் கல்கத்தாவுக்கு வந்தது. நாலு மாதப் பயணத்தில் சரக்கில் பெரும் பங்கு உருகாமல் வந்து சேர்ந்தது. நம்ப முடிகிறதா? இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அந்த வியாபாரம் படுத்தது. அப்புறம் அந்தக் கட்டடத்தில், 1897-ல் சிகாகோ புகழோடு திரும்பிவந்த விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அமெரிக்க ஏரித் தண்ணீர் யார் தம்ளருக்குப் போனது? துரைமார்களுக்கும் நாலைந்து பணக்காரர்களுக்கும். கப்பலிலிருந்து அந்தப் பாளங்களை இறக்கித் தலையில் சுமந்த ஆள்தான், அன்றைக்குச் சென்னையில் தலைக்கு மேல் ஐஸ் வைத்திருந்த ஒரே ஏழை! அவன் குடித்தது பானைத் தண்ணீர்தான்.

ஆயிரம் விளக்கு மசூதியைத் தாண்டி ஜெமினி பாலத்துக்கு வந்தபோது மணி பதினொன்று. எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோவால் பேர் வாங்கிய இடம். 1973-ல் திறந்த அண்ணா மேம்பாலம்தான் சென்னையின் முதல் மேம்பாலம். குதிரைப் பந்தயத்தைத் தமிழக அரசு 1974-ல் தடை செய்ததை நினைவுபடுத்த, பக்கத்தில் குதிரையை அடக்கும் வீரன் சிலை. வண்டிகளுக்கு ஜோரான பாலம். ஆனால், நடந்து வருகிறவன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டுமானால்... அது ஒரு குட்டி சாகசம். பாலத்துக்கு அடியில் இருந்த நிழலில் பத்துப் பேர் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள். ஒருவர் தார் ஊற்றும் வேலைக்கு வந்தவர். ஒரு போக்குவரத்துக் காவலர் வந்து முகம் கழுவிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை அந்தத் தார்க்காரரிடம் நீட்டினார். யாரும் யாரோடும் பேசவில்லை. அந்த நிழலில் இடம் பிடித்துக்கொள்ள மட்டும் எல்லோருக்கும் ஒரே தகுதிதான் இருந்தது: வெயிலில் நின்றிருக்க வேண்டும்!

பக்கத்திலேயே செம்மொழிப் பூங்கா. அங்கேதான் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்தது. மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு காபி குடித்த தலைமுறைக்கு, காபியைவிட அந்த மரங்கள்தான் இன்னும் ஞாபகத்தில் இருக்கின்றன.

தேனாம்பேட்டையைத் தாண்டியதும்தான் நிஜமான சோதனை ஆரம்பித்தது. உச்சி வெயில். தார் ரோட்டில் கானல் நீர் அலை அடித்தது. ரோட்டில் தண்ணீர் தேங்கியிருப்பதைப் போலவே ஒரு தோற்றம்.

அந்தக் கானல் நீருக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஏனென்றால், அங்கே நிஜமாகவே தண்ணீர் இருந்தது!

ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் நீங்கள் இதே மவுன்ட் ரோட்டில் கோட்டையிலிருந்து சைதாப்பேட்டைக்கு நடந்திருந்தால், வலது கைப் பக்கம் மைல்கணக்கில் ஒரு ஏரி உங்களோடு கூடவே வந்திருக்கும். நுங்கம்பாக்கம் ஏரி, மாம்பலம் ஏரி எல்லாம் சேர்ந்து ஒரே நீளமாகக் கிடந்ததால், வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே படகுப் போட்டிகள்கூட நடந்திருக்கின்றன. மேற்கிலிருந்து வரும் அனல்காற்று அந்தத் தண்ணீரைத் தடவிக்கொண்டு ரோட்டுக்கு வந்திருக்கும். நடப்பவனுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்!

1920-களில் ஊருக்கு வீடுகள் போதவில்லை. மாம்பலம் ஏரியை வற்றவைத்துப் புதிய நகர் அமைத்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர். நாம் தீபாவளிக்குத் துணி எடுக்க முண்டியடிக்கும் அதே தி.நகர்தான். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அந்தப் பக்கத்தில் 'லேக் ஏரியா' என்று ஒரு பகுதியும், 'டேங்க் பண்ட் ரோடு' என்று ஒரு தெருவும் மட்டும் மிச்சம். ஏரி போய்விட்டது, கரையின் பெயர் இருக்கிறது!

ஏரியைத் தூர்த்தவர்களைக் குறை சொல்வது சுலபம். அந்த ஏரிக்குள் முளைத்த வீடுகளில் நாமும்தான் குடியிருக்கிறோம். ஆனால், ஒன்றை மறந்துவிட்டோம். ஏரியை எடுத்தவர்கள், அது கொடுத்த குளிர்ச்சிக்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை. 'நீர்வழியில் மரம் இருந்தால் போதும்' என்றாவது யாராவது நினைத்திருக்கலாம்.

நந்தனத்தில் தலை லேசாகச் சுற்றியது. மூடியிருந்த ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால் இரண்டடி நிழல். அங்கே போய் உட்கார்ந்தேன். உள்ளே இருந்து காவலாளி எட்டிப் பார்த்தார். விரட்டப்போகிறார் என்று நினைத்து எழுந்தேன்.

"உக்காருங்க சார்... எங்க போகணும்?"

"பரங்கிமலைக்கு."

"பஸ் ஸ்டாப் அதோ இருக்கே?"

"நடந்து போறேன்."

ஒரு விநாடி பார்த்தார். "வேண்டுதலா?" என்றார். 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டி வைத்தேன். உடனே உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டுதல்காரனுக்கு நம் ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது! சும்மா நடப்பவனுக்குத்தான் கிடையாது.

சைதாப்பேட்டையில் அடையாறு. இன்றைக்கு மறைமலை அடிகள் பாலம் இருக்கிற இடத்தில்தான், சென்னையின் மிகப் பழைய பாலங்களில் ஒன்று இருந்தது. 'மர்மலாங் பாலம்' என்று பெயர். மாம்பலம் என்பது வெள்ளைக்காரர் வாயில் புகுந்து 'மர்மலாங்' ஆகிவிட்டது.

அந்தப் பாலத்தைக் கட்டியது கம்பெனி அரசாங்கம் இல்லை, ராஜாவும் இல்லை. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்கிற ஆர்மேனிய வியாபாரி! எங்கோ பாரசீகத்து ஜுல்ஃபா நகரத்தோடு தொடர்புள்ள குடும்பம். 1724-ல் சென்னைக்கு வந்தவர், இங்கேயே கோடீஸ்வரரானார். அடையாற்றில் வெள்ளம் வந்தால், பரங்கிமலைக்குப் போகும் யாத்ரீகர்கள் அக்கரை போக முடியாமல் தவிப்பதைப் பார்த்தார். 1726-ல் தன் சொந்தப் பணத்தில் 30,000 வராகன் செலவழித்துப் பாலம் கட்டினார். அதோடு நிற்கவில்லை. பாலத்தைப் பிற்காலத்தில் பராமரிக்க 1,500 வராகன் தனியாக வைத்துவிட்டுப் போனார். பரங்கிமலை உச்சிக்கு ஏறும் கல் படிகளைச் செப்பனிட்டவரும் அவர்தான்.

இதில் என்னைத் தொட்டது அந்த 1,500 வராகன்தான். பாலம் கட்டிப் பெயர் வாங்குவது ஒன்று. நான் செத்த பிறகும் நடக்கிறவன் கால் இடறக் கூடாது என்று யோசிப்பது வேறு. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, தங்கள் பக்கம் வரச் சொன்னார்கள். உஸ்கான் மறுத்தார். சொத்துக்கள் பறிபோயின. 1751-ல் இறந்தார். உடல் வேப்பேரியில் அடக்கம். இதயத்தை மட்டும் அவர் விருப்பப்படி ஜுல்ஃபாவுக்கு எடுத்துப் போனார்கள் என்கிறார்கள். உடம்பு நமக்கு, இதயம் சொந்த ஊருக்கு!

240 வருஷங்கள் உழைத்த அந்தப் பாலத்தின் இடத்தில் 1966-ல் புதிய பாலம் வந்தது. அந்தக் கைப்பிடிச் சுவர் ஓரமாக, பெரிய கறுப்புக் குடையை நட்டு, மோர்ப் பானையோடு உட்கார்ந்திருந்தார் ஒரு பாட்டி. மோர் வாங்கிக் குடித்தேன். இரண்டாவது தம்ளரும் கேட்டேன். வெயிலில் நின்றபடி குடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து, குடையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார்.

"உள்ள வாப்பா, எதுக்கு வெயில்ல நிக்கிற? மோர் குடிச்சி என்னா பிரயோசனம்?"

பாதி நிழல் எனக்கு வந்தது. பாட்டியின் ஒரு பக்கத் தோள் வெயிலுக்குப் போனது. கோட்டையில் பதவி பார்த்துக் கொடுத்த குடை ஞாபகம் வந்து, எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

அடுத்தது சின்னமலை. இயேசுவின் சீடரான தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகை இங்கே இருக்கிறது. போர்த்துக்கீசியர்கள் 1551-ல் இங்கே ஒரு கோயில் கட்டினார்கள். பாறையில் ஒரு சுனை. தாகத்தோடு தன்னைத் தேடி வந்த ஜனங்களுக்காக, தோமையார் கைத்தடியால் பாறையைத் தட்டியதும் தண்ணீர் வந்தது என்பது நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். எனக்குப் பிடித்தது, அந்தக் கதையில் வரும் அற்புதத்தின் எளிமை. தங்கமழை பெய்யவில்லை, நடந்து வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைத்தது, அவ்வளவுதான்!

நம் ஊர் தர்மமும் இதேதான். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே தண்ணீர்ப் பந்தலுக்காக நிலம் விட்ட செய்திகள் உண்டு. வழிப்போக்கர்களுக்கு ஒரு சத்திரம், ரோட்டோரம் ஒரு சாலை மரம், தலைச்சுமையை இறக்கிவைக்க ஒரு சுமைதாங்கிக் கல்... பிரசவத்துக்கு முன்பே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது பல ஊர்களில் வழக்கம். ஒருத்தி இறக்கிவைக்க முடியாமல் போன சுமைக்காக, முன்பின் தெரியாத ஒருவனின் சுமையை இறக்கிவைக்கக் கல் நடுகிறார்கள். நடப்பவனைப் பற்றி இதைவிடப் பரிவாக யோசித்த ஊர் இருக்க முடியுமா? அந்த ஊர்தான் இன்றைக்கு நடைபாதையில் பைக்கை நிறுத்திவிட்டுப் போகிறது!

கிண்டியில் கொஞ்சம் உயிர் வந்தது. ராஜ்பவன், தேசியப் பூங்கா பக்கமிருந்து வந்த பச்சைக் காற்று. ரோட்டைத் தாண்டிக் கத்திப்பாராவுக்கு வந்தால், 2008-ல் கட்டி முடித்த அந்தப் பிரமாண்டமான மேம்பாலம். மேலேயிருந்து பார்த்தால் பூப்போல இருக்குமாம். கீழேயிருந்து பார்த்த எனக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. மூன்று பேரிடம் வழி கேட்டேன். மூவரும் மூன்று பஸ் நம்பர் சொன்னார்கள். நடந்து போகும் வழி யாருக்கும் தெரியவில்லை.

ஒருவழியாகப் பரங்கிமலை அடிவாரத்துக்கு வந்தபோது மணி நாலரை. உஸ்கான் செப்பனிட்ட படிகளில் நின்று நின்று ஏறினேன். உச்சியில் 1523-ல் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில். ஏறி முடித்ததும், காலையிலிருந்து ஏமாற்றிய கடல் காற்று 'வந்துட்டேன்' என்று முகத்தில் அடித்தது. அடடா... அந்த ஒரு விநாடிக்காக இன்னும் 15 கிலோமீட்டர் நடக்கலாம்!

மலை மேல் வில்லியம் லாம்டனுக்கு ஒரு சிறிய நினைவுச் சின்னம் உண்டு. திப்புவுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்ட ராணுவ அதிகாரி. ராஜாஜி ஹால் கட்டி முடிந்த அதே 1802-ல், ஏப்ரல் 10-ஆம் தேதி, இந்தியாவையே அளக்கும் வேலையை இங்கேதான் ஆரம்பித்தார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு. நூறு அடி நீள இரும்புச் சங்கிலியை ஏறக்குறைய 400 தடவை நீட்டி நீட்டி அளந்தார்கள். 57 நாட்கள் ஆயின. அந்தச் சங்கிலியே ஒரு தனிக் கதை. பிரிட்டிஷ் தூதுக்குழு சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாம் என்று ஒதுக்கியது அது! கைமாறி லாம்டனிடம் வந்து சேர்ந்தது. இந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்துதான், 1856-ல் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள்.

ஏப்ரல், மே, ஜூன் தொடக்கம். தேதியைக் கவனித்தீர்களா? நான் ஒரு நாள் நடந்ததற்கே நாக்குத் தள்ளிவிட்டது. அவர்கள் அக்னி நட்சத்திரம் முழுக்க இதே வெயிலில் நின்றார்கள். லாம்டனுக்குப் பெரிய கவலை வெயில்தான். ஆட்களைப் பற்றி அல்ல, சங்கிலியைப் பற்றி! சூடு பட்டால் இரும்பு நீளும். பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால், நூறு அடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். 400 தடவைக்குக் கணக்குப் போட்டால், ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதனால், சங்கிலியை மரப் பெட்டிகளுக்குள் கிடத்தினார். முக்காலிகள் மேல் பெட்டிகளை நிறுத்தினார். உள்ளே தெர்மாமீட்டர் வைத்து, ஒவ்வொரு அளவின்போதும் வெப்பத்தைக் குறித்துக் கணக்கைத் திருத்தினார்.

அந்த மனுஷனின் நேர்மையை மெச்சத்தான் வேண்டும். ஆனால், சங்கிலிக்கு நிழல் கிடைத்தது. அந்தப் பெட்டிகளைத் தூக்கி 400 தடவை முன்னால் நகர்த்தியவர்களுக்கு? அவர்கள் உடம்புச் சூட்டை எந்தத் தெர்மாமீட்டரும் குறிக்கவில்லை. ஒருவர் பெயர்கூட நமக்கு வரவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறத் தொடங்கியிருக்கிறது. 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. நல்ல காரியம். புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் ஆளைக் கொல்லும் என்று இருநூறு வருஷம் கழித்தாவது எழுத்தில் ஒப்புக்கொண்டோம். ஆனால், நிவாரணம் என்பது செத்த பிறகு வருவது. நிழல் முன்னாடியே வர வேண்டியது.

இறங்கி வந்து, நடக்கத் தெம்பில்லாமல் மெட்ரோவில் ஏறி வீட்டுக்கு வந்தேன். (மறைப்பானேன்? ஏ.சி. சுகமாகத்தான் இருந்தது!) கால் இரண்டும் கொப்புளம். வீட்டில் நாலு நாள் அர்ச்சனை.

ஆனால், மறுநாள் காலை எங்கள் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் ஒரு மண்பானையும் தம்ளரும் வைத்தோம். யார் குடிக்கப்போகிறார்கள் என்று எனக்கே சந்தேகம்தான். பதினோரு மணிக்கெல்லாம் பானை காலி! குப்பை வண்டிக்காரர், தபால்காரர், கூரியர் பையன், கீரைக்கார அம்மா... நாலாவது நாள் பானையை இரண்டாக்கினோம். இரண்டாவது பானை வாங்கி வந்தது நான் இல்லை. 'பைத்தியமா' என்று கேட்டவர்தான்!